எழுதாத கடன்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



இயலும் இசையும் நாடகமும் அணி செய்யும் இந்த மேடையில் கணிப்பொறி நிறுவனங்களின் கடனைப் பற்றிப் பேச ஒருவன் எழுந்து நிற்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் இந்த அவையைச் சுற்றிப் பாருங்கள். சித்தூரிலும் திருப்பதியிலும் வாழ்கின்ற நம் தமிழ்க் குடும்பங்களில், மகனோ மகளோ மருமகனோ பெங்களூரிலோ சென்னையிலோ மென்பொருள் நிறுவனத்தில் பணியாற்றாத குடும்பம் அரிதாகிவிட்டது. ஸ்ரீசிட்டியிலும் ரேணிகுண்டாவிலும் மின்னணுத் தொழில் வளர்ந்திருக்கின்றது. 2015ஆம் ஆண்டு முதல் திருப்பதியிலேயே ஐ.ஐ.டி. நடைபெறுகின்றது. நம் பிள்ளைகள் செய்யும் தொழிலின் நன்மை தீமைகளை நாமும் ஓரளவு அறிந்திருப்பது நம் கடமை என்று கருதியே இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன்.

கடனைப் பற்றிப் பேசுவதற்குத் திருவேங்கடவன் அடிவாரத்தைவிடப் பொருத்தமான இடம் வேறு உண்டோ? பத்மாவதித் தாயாரை மணம் புரியப் பெருமாள் குபேரனிடம் கடன் பெற்றார் என்பதும், கலியுகம் முடியும்வரை அதற்கு வட்டி செலுத்தி வருகின்றார் என்பதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதை. தெலுங்கு அன்பர்கள் 'வட்டி காசுலவாடு' என்று உரிமையோடு அவரை அழைப்பதும் இதனால்தான். அந்தக் கதையில் நாம் கவனிக்கத் தவறுகின்ற ஒரு செய்தி உண்டு. அந்தக் கடனுக்குப் பத்திரம் எழுதப்பட்டது. சாட்சிகளாகப் பிரமனும் சிவனும் இருந்தனர். முதல் எவ்வளவு, வட்டி என்ன, தவணை எது என்பதெல்லாம் முன்பே பேசி முடிக்கப்பட்டன. கடன் கொடுத்த குபேரனோ ஒரு யுகம் காத்திருக்கச் சம்மதித்த பொறுமைசாலி. நான் இன்று சொல்ல வந்த கடனுக்குப் பத்திரமும் இல்லை, சாட்சியும் இல்லை. அதை வசூலிக்க வருகின்றவனுக்குப் பொறுமையும் இல்லை.

மென்பொருள் தொழிலில் இதற்குத் 'தொழில்நுட்பக் கடன்' என்று பெயர். இந்த உவமையை முதலில் வழங்கியவர் வார்டு கன்னிங்காம் என்னும் அமெரிக்க மென்பொருள் அறிஞர். 1992ஆம் ஆண்டில், நிதித் துறைக்கான ஒரு மென்பொருளைத் தாம் உருவாக்கிய அனுபவத்தை எழுதியபோது அவர் இதைக் கூறினார். முழுமையடையாத ஒரு மென்பொருளை விரைவாக வெளியிடுவது கடன் வாங்குவதைப் போன்றது. விரைவிலே திருத்தி எழுதிக் கடனை அடைத்துவிட்டால் சிறு கடன் வளர்ச்சிக்கு உதவும். அடைக்காமல் விட்டால், அந்தக் குறையோடு போராடும் ஒவ்வொரு நாளும் வட்டியாகிவிடும் என்பது அவர் கருத்து.

இதை எளிதாக விளக்குகின்றேன். கடைகளில் பில் போடுவதற்கு ஒரு மென்பொருள் எழுதுகின்றார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரி விகிதத்தை ஓரிடத்தில் எழுதி, வேண்டிய இடங்களிலெல்லாம் அதை எடுத்துப் பயன்படுத்துவதே முறை. தீபாவளிக்குள் முடித்துத் தரவேண்டும் என்று முதலாளி நெருக்குகின்றார். அவசரத்தில் அந்த விகிதத்தை முப்பது இடங்களில் தனித்தனியே எழுதிவிடுகின்றார்கள். வேலை முடிந்தது, பில்லும் சரியாக வருகின்றது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று சரக்கு சேவை வரி வந்தது. அப்போது அந்த முப்பது இடங்களையும் தேடித் திருத்த வேண்டும். ஓரிடம் தப்பினாலும் கணக்கு பிழைபடும். முன்பு மிச்சம் பிடித்த ஒரு நாள் உழைப்புக்கு இப்போது பத்து நாள் உழைப்பை வட்டியாகக் கொடுக்கின்றார்கள். எழுதியவர் இதற்குள் வேறு நிறுவனத்துக்குச் சென்றிருப்பார். வட்டி கட்டுகின்றவர் வேறொருவர். இந்தக் கடனின் இயல்பே இதுதான்: வாங்குகின்றவர் ஒருவர், அடைக்கின்றவர் மற்றொருவர்.

இவ்வளவோடு நின்றால் இது நிறுவனத்தாரின் வரவு செலவுக் கணக்காகவே முடிந்துவிடும். ஊரார் கவலைப்பட வேண்டியதில்லை. ஆனால் பழுது பார்க்காத வீட்டில் திருடன் நுழைவதைப் போல, பழுது பார்க்காத மென்பொருளில் பகைவன் நுழைகின்றான். அப்போது பறிபோவது முதலாளியின் பொருள் மட்டுமன்று. நம் பெயரும், தொலைபேசி எண்ணும், வங்கிக் கணக்கும், நோயாளியின் மருத்துவக் குறிப்பும் பறிபோகின்றன. கடன் பட்டவர் ஒருவராக இருக்க, துன்பப்படுகின்றவர் ஆயிரவராகின்றனர்.

நம் மாவட்டத்து மக்களுக்கு இது புதிய உண்மை அன்று. ஏரிகளை நம்பி வாழ்ந்த மண் இது. ஆண்டுதோறும் கரையில் மண் போட்டு, மதகைப் பழுது பார்த்து, வரத்துக் கால்வாயைத் தூர் வாருவதற்குக் குடிமராமத்து என்று பெயரிட்டு ஊரே கூடிச் செய்தார்கள் நம் முன்னோர். ஓராண்டு செய்யாவிட்டால் ஒன்றும் நேராது; ஐந்தாண்டு செய்யாவிட்டாலும் பெரும்பாலும் ஒன்றும் நேராது. கரை எந்த ஆண்டு கைவிடும் என்பதை மழைதான் முடிவு செய்யும். 2021ஆம் ஆண்டு நவம்பரில் பெய்த பெருமழையைத் திருப்பதி மறக்க முடியாது. கிருஷ்ணதேவராயர் காலத்தது என்று சொல்லப்படுகின்ற ராயலசெருவு ஏரியின் கரையில் அப்போது கசிவு கண்டது. கீழே இருந்த ஊர்களின் மக்கள் இரவோடு இரவாக வெளியேற்றப்பட்டனர். மணல் மூட்டைகளை அடுக்கிக் கரையைக் காத்தார்கள். நல்வேளையாகக் கரை உடையவில்லை. நிறைந்த ஏரியின் கரையில் நின்று மூட்டை அடுக்குவது வீரந்தான். வறண்ட சித்திரையில் அதே கரைக்கு மண் போடுவதோ எவரும் புகழாத வேலை. ஆனால் ஊரைக் காப்பது இந்த இரண்டாவது வேலையே.

இனிக் கணிப்பொறி உலகில் வந்த பெருமழையைப் பற்றிக் கூறுகின்றேன். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் 14ஆம் நாள், மைக்ரோசாப்ட் நிறுவனம் தன் விண்டோஸ் மென்பொருளில் இருந்த ஓர் ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை வெளியிட்டது. இத்தகைய திருத்தத்தைத் தொழிலில் 'பேட்ச்' என்பார்கள். கிழிந்த துணிக்குப் போடும் ஒட்டைப் போன்றது. ஏப்ரல் மாதத்தில், அந்த ஓட்டையின் வழியே நுழைவதற்காக அமெரிக்க அரசின் உளவு நிறுவனம் ஒன்று செய்து வைத்திருந்த கருவி களவுபோய் வெளியுலகில் பரவியது. மே மாதம் 12ஆம் நாள் 'வான்னகிரை' என்னும் தீய மென்பொருள் அந்தக் கருவியைக் கைக்கொண்டு உலகெங்கும் புகுந்தது. புகுந்த கணிப்பொறியில் உள்ள கோப்புகளையெல்லாம் பூட்டிவிட்டு, திறவுகோல் வேண்டுமானால் முந்நூறு டாலர் கொடு என்று திரையில் எழுதிக் காட்டியது. சில நாள்களில் ஏறத்தாழ 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் அகப்பட்டன. இங்கிலாந்தில் அரசு மருத்துவ அமைப்புகள் 236இல் ஏறக்குறைய எண்பது பாதிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான நோயாளிகளின் மருத்துவ ஏற்பாடுகள் தள்ளிவைக்கப்பட்டன.

அந்த மழை நம் ஊரிலும் பெய்தது. ஆந்திரக் காவல் துறையின் 18 பிரிவுகளில் கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன என்றும், அவற்றுள் சித்தூர் மாவட்டமும் ஒன்று என்றும் அப்போது செய்தி வந்தது. அன்றைக்குத் திருப்பதியும் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. தனி மாவட்டமானது 2022ஆம் ஆண்டு ஏப்ரலில். சில நாள்களில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் அலுவலகக் கணிப்பொறிகளில் பத்து வரை பாதிக்கப்பட்டன என்றும், பக்தர்களுக்கான சேவைகளுக்கு இடையூறு இல்லை என்றும் தேவஸ்தானம் அறிவித்தது. சேவை தடைபடாமல் போனது நம் பேறு. ஆயினும் எங்கோ ஒரு நாட்டில் செய்த கருவி, எவனோ ஒருவன் ஏவி, ஏழுமலையானின் அலுவலக வாசல்வரை வந்து நின்றது என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். மார்ச்சில் மருந்து கிடைத்தது; மே மாதத்தில் நோய் வந்தது. இடையில் இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதத்தில் உலகெங்கும் எத்தனையோ அலுவலகங்களில் மருந்துப் புட்டியின் மூடி திறக்கப்படவே இல்லை.

அதே மே மாதத்தில், அதே வாரத்தில், அமெரிக்காவில் இன்னொரு கேடு ஓசையின்றித் தொடங்கியது. மக்களின் கடன் வரலாற்றைச் சேர்த்து வைத்து வங்கிகளுக்குத் தரும் ஈக்விபாக்ஸ் என்னும் பெருநிறுவனம் அங்கே உண்டு. அது பயன்படுத்திய அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் பொது மென்பொருளில் ஓர் ஓட்டை இருப்பதாகவும், அதற்குத் திருத்தம் வந்துவிட்டது என்றும் மார்ச் 7ஆம் நாளே அறிவிப்பு வந்தது. நிறுவனமும் உறங்கிவிடவில்லை. நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் திருத்தவேண்டும் என்று தன் ஊழியர்களுக்கு ஆணை அனுப்பியது. ஒரு வாரத்துக்குள் கருவி கொண்டு சோதித்தும் பார்த்தது. ஓட்டை எங்கும் இல்லை என்று சோதனை சொன்னது. ஆனால் நுகர்வோரின் முறையீடுகளைப் பெறும் ஒரு பழைய மென்பொருளில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. மே 13ஆம் நாள் அதன் வழியே நுழைந்தவர்கள் 76 நாள் உள்ளேயே உலவினார்கள். ஏறத்தாழ பதினான்கு கோடியே எழுபது லட்சம் மக்களின் விவரங்கள் களவுபோயின.

அன்பர்களே! இந்த இரண்டாவது நிகழ்ச்சியே எனக்கு அதிக அச்சத்தைத் தருகின்றது. முதல் நிகழ்ச்சியில் மருந்து இருந்தும் பலர் உண்ணவில்லை. இரண்டாவதில் உண்ண நினைத்தார்கள், ஆணையும் பிறப்பித்தார்கள், ஆனால் நோயுள்ள உறுப்பு எது என்று அவர்களுக்கே தெரியவில்லை. எந்த மென்பொருள் எந்தக் கணிப்பொறியில் ஓடுகின்றது என்னும் முழுமையான பட்டியல் அவர்களிடம் இல்லை. கடன் இருந்தது, கணக்குப் புத்தகம் இல்லை. ஆகவே நான் சொல்ல வந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன்: பெரிய கடனைவிட எழுதி வைக்காத கடனே ஆபத்தானது.

எழுதி வைத்த கடன் எப்படி அடைபடும் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஆண்டைக் குறிக்க இரண்டே இலக்கங்களைப் பயன்படுத்தியதால், 2000ஆம் ஆண்டு பிறந்ததும் கணிப்பொறிகள் குழம்பிவிடும் என்ற அச்சம் அந்நாளில் எழுந்ததைப் பெரியவர்கள் அறிவீர்கள். அந்தக் கடனுக்குத் தவணை நாள் தெளிவாகத் தெரிந்திருந்தது. அதனால் பட்டியல் எடுத்தார்கள், பணம் ஒதுக்கினார்கள், நம் நாட்டு இளைஞர் ஆயிரக்கணக்கானோர் அந்தப் பழைய நிரல்களைத் திருத்தும் பணியில் ஈடுபட்டனர். நாள் வந்தது; பெருந்தீங்கு எதுவும் நேரவில்லை. வீண் பயம் என்று பிற்பாடு சிலர் நகைத்தார்கள். கரைக்கு மண் போட்டவனுக்கு உலகம் தரும் பரிசு எப்போதும் அதுதான்.

அப்படியானால் மற்றக் கடன்களை ஏன் அடைப்பதில்லை? சோம்பலால் என்று எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. புதிய வசதியைச் செய்து காட்டுகின்றவருக்குப் பதவி உயர்வு கிடைக்கின்றது. பழைய பழுதைத் திருத்துகின்றவருக்கு ஒரு பாராட்டும் கிடைப்பதில்லை. திருத்தம் போட்டால் ஓடுகின்ற மென்பொருளும் நின்றுவிடுமோ என்னும் அச்சமும் உண்டு. அந்த அச்சம் பொய்யன்று. 2024ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் நாள், கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனமே அனுப்பிய பிழையுள்ள ஒரு புதுப்பித்தலால் உலகில் ஏறத்தாழ 85 லட்சம் கணிப்பொறிகள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகளைக் கொடுத்தார்கள். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு திருத்துவதும் அறிவன்று. திருத்தாமல் இருப்பதும் அறிவன்று. முறையாகத் திருத்துவதே அறிவு.

அந்த முறை என்ன? ஐந்து செய்திகளைக் கூறுகின்றேன்.

முதலாவது, கணக்குப் புத்தகம். நிறுவனத்தில் உள்ள ஒவ்வொரு கணிப்பொறி, ஒவ்வொரு மென்பொருள், பிறரிடமிருந்து வாங்கிச் சேர்த்த ஒவ்வொரு துண்டு நிரல் ஆகியவற்றின் பட்டியல் வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பொறுப்பாளர் ஒருவரின் பெயர் வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அந்தப் பெயர் மாறவேண்டும்.

இரண்டாவது, வரிசை. எல்லாக் கடனையும் ஒரே நாளில் அடைக்க எந்தக் குடும்பத்தாலும் முடியாது. தெருவைப் பார்த்த கதவை முதலில் அடைக்கவேண்டும். உள்ளறைக் கதவைப் பிறகு பார்க்கலாம். இணையத்திற்கு முகம் காட்டி நிற்பதும், மக்களின் விவரங்களைத் தாங்கி நிற்பதும் எதுவோ அதற்கே முதலிடம்.

மூன்றாவது, தவணை. ஏரிக்கு ஆண்டுதோறும் மராமத்து செய்ததைப் போல, ஒவ்வொரு மாத உழைப்பிலும் ஒரு பங்கைப் பழுது பார்ப்பதற்கென்று ஒதுக்கிவிட வேண்டும். மிச்சம் இருந்தால் செய்வோம் என்றால் மிச்சம் ஒருநாளும் இராது. திருத்தத்தையும் முதலில் சில கணிப்பொறிகளில் போட்டுப் பார்த்து, பிறகே எல்லாவற்றிலும் போடவேண்டும்.

நான்காவது, தனிமை. மாற்றவே முடியாத பழைய இயந்திரங்கள் சில இருக்கும். மருத்துவமனையிலும் தொழிற்சாலையிலும் அப்படிப்பட்டவற்றைக் காணலாம். அவற்றை மற்றக் கணிப்பொறிகளோடு கலக்கவிடாமல் ஒதுக்கி வைக்கவேண்டும். கோப்புகளுக்கு நகல் எடுத்து, அந்த நகலை வலையோடு இணையாத வேறிடத்தில் வைக்கவேண்டும். நகலிலிருந்து மீண்டும் வேலையைத் தொடங்க முடிகின்றதா என்று ஆண்டுக்கு இருமுறையேனும் ஒத்திகை பார்க்கவேண்டும். கணிப்பொறியைப் பூட்டிப் பணம் கேட்கின்றவனுக்கு நகல் வைத்திருப்பவன் அஞ்சவேண்டியதில்லை.

ஐந்தாவது, கையெழுத்து. 'இந்தப் பழுதை இப்போது திருத்த வேண்டாம்' என்று முடிவு செய்யும் உரிமை மேலாளருக்கு உண்டு. ஆனால் அந்த முடிவு எழுத்தில் இருக்கவேண்டும். எந்த நாள்வரை ஒத்திவைப்பு என்பதும் எழுதப்படவேண்டும். கீழே அவர் கையெழுத்தும் இருக்கவேண்டும். வாய்ச்சொல்லால் ஒத்திவைத்துவிட்டு, கேடு வந்த பின்னர் இருபத்தைந்து வயது ஊழியர் ஒருவரின் தலையில் பழியைச் சுமத்துவது அறமன்று. ஈக்விபாக்ஸ் நிறுவனத்தின் முன்னாள் தலைவரே, அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன், ஒரு தனி ஊழியர் உரியவருக்குச் செய்தி சொல்லத் தவறினார் என்று காரணம் கூறினார். பதினான்கு கோடி மக்களின் பாதுகாப்பு ஒரே ஓர் ஊழியரின் நினைவாற்றலில் தொங்கிக்கொண்டிருந்தது என்றால், அது அந்த ஊழியரின் குற்றமா, அப்படித் தொங்கவிட்டவர்களின் குற்றமா?

நம் நாட்டுச் சட்டமும் இப்போது இந்தப் பொறுப்பை வலியுறுத்துகின்றது. இணையத் தாக்குதல் நேர்ந்தால், அறிந்த ஆறு மணி நேரத்துக்குள் செர்ட்-இன் அமைப்புக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் ஆணை பிறந்தது. மக்களின் தனிப்பட்ட விவரங்களைத் தக்கவாறு காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய்வரை தண்டம் விதிக்க 2023ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகின்றது. எழுதாத கடனுக்கு அரசு இனிப் பத்திரம் எழுதத் தொடங்கிவிட்டது எனலாம்.

இந்த அவையில் கடைகளும் சிறு தொழில்களும் நடத்துகின்ற பெரியோர் பலர் இருக்கின்றீர்கள். இவையெல்லாம் பெருநிறுவனங்களுக்கே உரியவை என்று எண்ணிவிடாதீர்கள். விண்டோஸ் 10 மென்பொருளுக்கு இலவசமாக வழங்கிவந்த பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. உங்கள் கல்லாப் பெட்டியருகே இருக்கும் கணிப்பொறி எந்த வகையைச் சேர்ந்தது என்று நாளைக் காலையில் பாருங்கள். தெரியாவிட்டால் வீட்டுப் பிள்ளையைக் கேளுங்கள். வாடிக்கையாளர் கணக்கு ஒரே ஒரு பெட்டியில் இருந்தால் இன்னொரு நகல் எடுத்து வையுங்கள். உங்கள் கணக்குப் புத்தகத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.

பெற்றோர்களே! உங்கள் மகளோ மகனோ விடுமுறைக்கு வந்திருக்கும்போது, இந்த ஆண்டு என்ன புதிதாகச் செய்தாய் என்று கேட்கின்றீர்கள். அதோடு, எதைப் பழுது பார்த்தாய் என்றும் கேளுங்கள். பழுது பார்ப்பதும் பெருமைக்குரிய தொழில் என்று வீட்டில் மதித்தால், அலுவலகத்தில் அதைச் செய்வதற்கு அவர்களுக்கு மனம் வரும்.

இளைஞர்களே! நீங்கள் பணி செய்யும் இடத்தில் ஒரு பழுதைக் கண்டால், அதை எழுதுங்கள். என்ன பழுது, யாருக்கு என்ன தீங்கு நேரலாம், திருத்த எத்தனை நாள் ஆகும் என்று அரைப் பக்கத்தில் எழுதி, பணிவோடு மேலாளரிடம் கொடுங்கள். அவர் இன்று ஒத்திவைக்கலாம். மறுமாதம் மீண்டும் கொடுங்கள். அந்த மென்பொருளுக்கு அப்பால் முகம் தெரியாத மனிதர் இருக்கின்றனர். மலையேறுவதற்குச் சீட்டுப் பதிவு செய்யும் மூதாட்டி இருக்கின்றாள். மாத்திரைக்காகக் காத்திருக்கும் நோயாளி இருக்கின்றான். வாழ்நாள் சேமிப்பை வங்கியில் வைத்திருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் இருக்கின்றார். உங்களை அவர்கள் அறியமாட்டார்கள், நன்றியும் சொல்லமாட்டார்கள். ஆயினும் அவர்கள் இரவில் அச்சமின்றி உறங்குவது நீங்கள் போட்ட அந்த ஒரு கூடை மண்ணால்தான்.